அப்பாவுக்கு டயாலிசிஸ் என்று ஐந்து மாதமாகச் சொல்கிறேன், அவன் இளநீர் வாங்கி வந்தான்

உப்பலவாடிக்காரி (ஜனவரி 2025)

வணக்கம். நாலு நாளாக இதை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். இன்று அனுப்பிவிடுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 28 வயது. கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடி. பாண்டிச்சேரியில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறேன். அவன் அரியாங்குப்பம். காலை பஸ்ஸில் தினமும் பார்த்துப் பேசிப் பழகியதுதான், நாலு வருஷம் ஆகிறது. இரண்டு வீட்டிலும் அரசல் புரசலாகத் தெரியும். மாசியில் பெண் கேட்டு வருவதாகப் பேச்சு.

அப்பா லாரி ஓட்டினவர். இருபது வருஷச் சர்க்கரை, போன ஆகஸ்டில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். காலை 6 மணி ஷிஃப்ட், நாலு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டில் ஓடுகிறது, அந்த மட்டில் பரவாயில்லை. நான் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவேன், அம்மா உட்கார்ந்திருப்பார். ஒரு நாளைக்கு 800 மில்லிதான் தண்ணீர், காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள். காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும். இதையெல்லாம் அவனிடம் தினமும் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் பேசுவதற்கு எனக்கு வேறு என்ன இருந்தது?

அப்புறம் ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 ராத்திரி புயல் கரையைக் கடந்தது. பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை, அவர்கள் தெருவிலும் கரண்ட் இல்லை. எங்களுக்குப் புயலை விடப் பெரிய வினை அதற்கு அடுத்துதான் வந்தது. சாத்தனூர் அணையில் 2ஆம் தேதி விடியற்காலை வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். திருவண்ணாமலைப் பக்கம் திறக்கிற தண்ணீர் கடைசியில் எங்கள் ஊரைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். வீட்டுக்குள் இடுப்பளவு. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் போச்சு.

எங்களைப் படகில் ஏற்ற வந்த பையன்களில் ஒருவன் அப்பாவின் இடது கையைப் பிடித்து இழுத்தான். அதுதான் ஃபிஸ்டுலா போட்ட கை. ஊசி குத்துவது அதில்தான், அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ கனம் தூக்கவோ கூடாது. நான் கத்தின கத்தில் அவன் பயந்தே போனான். "என்னக்கா, என்ன கையில?" என்றான். சொன்னேன். உடனே இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். இறக்கும்போது அடுத்த ஆளிடம் அவனே சொல்கிறான்: "ஐயாவுக்கு இடது கை தொடாதீங்க, டயாலிசிஸ் கை." அவன் பேர்கூட எனக்குத் தெரியாது.

திருப்பாதிரிப்புலியூரில் சித்தி வீட்டில் தங்கினோம். புதன் ராத்திரி அப்பாவால் படுக்க முடியவில்லை, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலையில்தான் மெஷினில் போட்டார்கள். எடை நாலரைக் கிலோ கூடியிருந்தது. அவ்வளவும் உடம்பில் நின்ற தண்ணீர்.

இந்த மூன்று நாளும் அவன் வராததை நான் குறையாகச் சொல்லவில்லை. வழியெல்லாம் தண்ணீர், பஸ் இல்லை. வா என்று நானும் கேட்கவில்லை. "டேக் கேர் டா", "நீ ஸ்ட்ராங்கான பொண்ணு", "கடவுள் இருக்கார்" என்று மெசேஜ் வந்தது. சரி.

வெள்ளம் வடிந்த பிறகுதான் என் கேள்வியே. அந்த வாரம் புதுச்சேரியில் ரேஷன் கார்டுக்கு 5000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள், எங்களுக்கு 2000. அதற்கு அவன் அனுப்பியது: "பேசாம பாண்டிக்கே குடி வந்திருக்கலாம், 3000 லாபம்." பக்கத்தில் சிரிக்கிற பொம்மை. நான் அப்போது சேறு நாறுகிற மெத்தையைத் தெருவில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மெத்தையை இழுத்தேன்.

அதன்பின் இன்றுவரை ஏழு வாரம். 14 டயாலிசிஸ். கணக்கு எழுதுகிறவள், பழக்க தோஷம், எண்ணிவிட்டேன். அரியாங்குப்பத்திலிருந்து எங்கள் ஊருக்கு பைக்கில் அரை மணி நேரம். அவன் வந்தது ஒரே ஒரு தடவை, பொங்கலுக்கு மறுநாள். கையில் நாலு இளநீர்.

"அங்கிள், குடிங்க, கிட்னிக்கு ரொம்ப நல்லது" என்று அவனே சீவி நீட்டினான். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். இளநீர், வாழைப்பழம், கீரை மூன்றும் எங்கள் வீட்டு வாசப்படி மிதித்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்றிலும் பொட்டாசியம் அதிகம், அது ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று முதல் நாளே பயமுறுத்தி அனுப்பினார்கள். அன்றைக்கு பஸ்ஸில் இதைச் சொல்லித்தான் அழுதேன். அவன் பக்கத்து சீட்டில்தான் இருந்தான், கர்ச்சீஃப் கூடக் கொடுத்தான்.

அப்பா பெரிய மனுஷன். "அப்புறமா குடிக்கிறேன் தம்பி" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அவன் கெட்டவன் இல்லை. குடி இல்லை, கை நீட்டியதில்லை. 2022இல் அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஒரு வாரம் சாயங்காலச் சொட்டு மருந்தை நான்தான் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இதைச் சொல்லிக்காட்டுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மாசி வரப்போகிறது. நான் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறேனா? இளநீருக்காகக் கல்யாணத்தை வேண்டாம் என்கிறாள் பார் என்று ஊர் சிரிக்கும் என்கிறாள் என் தோழி.

---

கெடிலக்கரை

தங்கச்சி, முதல் கேள்வி: வாய்விட்டுக் கேட்டீர்களா? "வெள்ளிக்கிழமை நீ வந்து கூட்டிட்டுப் போ" என்று ஒரு தடவையாவது? நம் வீடுகளில் ஆம்பளைப் பிள்ளைக்கு எதையும் நாமே பார்த்துச் செய்யக் கற்றுத்தருவதில்லை. தண்ணீர் சொம்பே கைக்கு வந்து வளர்ந்தவன். இளநீர் வாங்கினானே, அதில் பாசம் இருக்கிறதா இல்லையா? அறியாமையைத் துரோகம் ஆக்காதீர்கள். என் கருத்து இது, திட்டுகிறவர்கள் திட்டலாம்.

---

உப்பலவாடிக்காரி

அண்ணா, திட்டவில்லை. நியாயமான கேள்விதான், அதனால் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

டிசம்பர் 12: "நாளைக்கு அப்பாவை நீ விட முடியுமா? எனக்கு லீவ் தர மாட்டேங்கறாங்க." பதில்: "ட்ரை பண்றேன்." மறுநாள் காலை 5.40க்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. 9 மணிக்கு "சாரி டா, அசந்துட்டேன்."

டிசம்பர் 23: "நாளைக்கு?" பதில்: "ஆஸ்பத்திரின்னாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்னு உனக்குத் தெரியும்ல."

அதற்குப் பிறகு கேட்கவில்லை. டிசம்பர் சம்பளத்தில் ஆறு நாள் பிடித்துவிட்டார்கள். அதையும் சொன்னேன், "உங்க முதலாளி சரியில்ல" என்றான்.

---

பண்ருட்டி_முந்திரி

அந்த "ஒரு மாதிரி ஆயிடும்" ஆள் நான்தான். அதாவது, வேறு ஒருத்தியின் கதையில்.

2017. அவளுடைய அம்மாவுக்கு ஜிப்மரில் கேன்சர் வைத்தியம். நான் கோரிமேடு வரை பைக்கில் போய், கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. உள்ளே போகவில்லை. போய் என்ன பேசுவது, அவர் அழுதால் என்ன செய்வது, நான் போவதால் நோய் குணமாகவா போகிறது, இப்படி ஆயிரம் யோசனை. வந்து நின்றதைக்கூட அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் "வாசல் வரை வந்தவன் ஏன் உள்ளே வரல" என்று கேட்பாளே.

அவள் ஆறு மாதம் கழித்து வேண்டாம் என்றாள். எனக்கு அப்போது பெரிய ஆத்திரம். பணம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, என்ன தப்பு செய்தேன் என்று நண்பர்களிடமெல்லாம் புலம்பினேன்.

பிறகு 2021இல் என் அப்பாவுக்கே மூச்சுத் திணறல் வந்து 11 நாள் வார்டில் கிடந்தேன். அங்கே என்ன பெரிய வேலை? பிளாஸ்கில் வெந்நீர் பிடித்து வைப்பது, ரிப்போர்ட் வாங்க மூன்றாவது மாடிக்கு ஏறுவது, "டிபன் சாப்டீங்களா" என்று கேட்பது. அவ்வளவுதான். எட்டாவது படிக்கிற பையன் செய்வான். இதைச் செய்யத்தான் பயந்தேனா என்று எனக்கே அசிங்கமாகிவிட்டது.

அதனால் அவனுக்கு உங்கள் மேல் அன்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் இருந்தது. ஆனால் என் பயம் தெளிய நாலு வருஷமும் என் அப்பாவின் ஆக்சிஜன் சிலிண்டரும் தேவைப்பட்டன. அத்தனை நாள் அவள் காத்திருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு நான் கேட்க மாட்டேன்.

---

முதலியார்பேட்டை அக்கா

பாப்பா, எனக்கு 54 வயசு. கல்யாணமான புதிதில் கடலூர் முதுநகரில் இருந்தோம், மாமியார் வீடு. தானே புயல் அடித்தபோதும் அங்கேதான். 2011 டிசம்பர் 30, மறக்குமா. ஓடு பறந்தது, பத்து நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. எனக்கு அப்போது கர்ப்பப்பை எடுத்து மூன்று வாரம், குனியக்கூடாது.

எங்கள் வீட்டுக்காரர் வாய் திறந்து ஒரு ஆறுதல் சொன்னதே கிடையாது. இன்றுவரை கிடையாது. அந்தப் பத்து நாளும் விடியற்காலை நாலு மணிக்கு அடிபம்பில் குடத்தோடு வரிசையில் நிற்பார். தெருவில் அத்தனை பேரும் பொம்பளைகள், நடுவில் இவர் ஒருத்தர். கேலி செய்தார்கள். அதற்கும் வாய் திறக்கவில்லை. குடத்தைக் கொண்டுவந்து, நான் குனியாமல் மொள்ளுகிற மாதிரி, ஸ்டூல் மேல் வைப்பார். ஸ்டூல் மேல் வை என்று நான் சொல்லவில்லை.

உன் தோழி இளநீர் என்கிறாள். எனக்கு என்னவோ அந்த 3000 லாபம்தான் தொண்டையில் நிற்கிறது. சேற்றில் நிற்கிறவளிடம் அதைச் சொல்ல ஒருத்தனுக்கு வாய் வருகிறது என்றால், அந்த நேரத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்று அவன் யோசிக்கவே இல்லை.

ஆனாலும் அவசரப்படாதே. தேதி, நேரம், இன்ன வேலை என்று பேர் சொல்லி ஒரு தடவை கேள். "முடியுமா" என்று கேட்காதே, "வா" என்று சொல். அப்புறம் பேசாமல் இருந்து பார்.

---

மெஷின்_நம்பர்_6

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், எந்த ஊர் என்பது வேண்டாம்.

முதலில் அப்பா விஷயம். இளநீரை வாங்கி ஓரமாக வைத்தது மிகச் சரி. "கிட்னிக்கு இளநீர் நல்லது" என்பது நம் ஊரில் எல்லார் வாயிலும் வருகிற பேச்சு. கிட்னி நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு அது சரி, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அது விஷம் மாதிரி. வெயில் காலத்தில் உறவுக்காரர்கள் அன்பாகக் கொடுத்து, பொட்டாசியம் எகிறிப்போய் ராத்திரியில் தூக்கிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லி வையுங்கள், காதலனிடம் மட்டும் இல்லை. இன்னொன்று, இனி மழைக்காலத்தில் புயல் என்று செய்தி வந்தாலே சென்டரில் பேசி ஒரு நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை செய்து தருவார்கள்.

இப்போது உங்கள் விஷயம். டயாலிசிஸ் என்பது ஆபரேஷன் மாதிரி ஒரு வாரத்தில் முடிவதில்லை. வாரத்துக்கு இரண்டு என்பதை நாளை மூன்றாக்கச் சொல்லலாம். மாற்றுக் கிட்னி கிடைக்காதவரை வருஷக்கணக்கில் ஓடும். நீங்கள் கல்யாணம் பண்ணி அரியாங்குப்பம் போனாலும் செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலையில் உங்கள் மனசு இங்கேதான் இருக்கும். எங்கள் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும், முக்கால்வாசி மனைவி, இல்லாவிட்டால் மகள். மருமகன் வந்து உட்கார்ந்தால் நாங்களே நிமிர்ந்து பார்ப்போம். ஒருவர் வருகிறார், மாமியாருக்காக, மூன்று வருஷமாக. செய்தித்தாளை விரித்துவிட்டால் யாருடனும் பேச மாட்டார். ஆனால் அந்தம்மாவின் டிரை வெயிட், அதாவது உடம்பில் தேங்கிய தண்ணீரெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

11 மணி ஷிஃப்டில் இடம் காலியாகிறதா என்று உங்கள் சென்டரில் கேட்டு வையுங்கள். விடியற்காலை ஓட்டம் குறையும்.

---

கெடிலக்கரை

டிசம்பர் 12 மெசேஜைப் படித்தேன். என் முதல் பதிலில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதியை அக்கா சொன்ன மாதிரி ஒரு தடவை கேட்டுப் பார்த்தபின் சொல்லுங்கள்.

---

உப்பலவாடிக்காரி

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

அக்கா சொன்னபடியே செய்தேன். "வெள்ளிக்கிழமை 5.15க்கு வீட்டுக்கு வா. அப்பாவை விடணும், 10 மணி வரைக்கும் கூட இருக்கணும். அம்மாவுக்குக் காய்ச்சல்" என்று அனுப்பினேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்பது உண்மை, சோதிக்கச் சொன்ன பொய் இல்லை.

வந்தான். அதைச் சொல்லியாக வேண்டும். மாமாவுடைய கார், 5.30க்கு வாசலில் நின்றது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், அதற்காகவே வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் ஆல்பேட்டை தாண்டும்போது அவன் போனில் ஒரு பாட்டு போட்டான், அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டு. எனக்குக் கொஞ்சம் இளகிவிட்டது, பொய் சொல்லவில்லை.

அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். கால் மணி நேரம் இருந்திருக்கும். "ஆபீஸ்ல கூப்பிடறாங்க" என்று எழுந்துவிட்டான். மணி 6.20. அந்த நேரத்தில் எந்த ஆபீஸ் திறந்திருக்கிறது? நான் ஒன்றும் சொல்லவில்லை. படியிறங்கிப் போனவன் திரும்பி வந்து கேட்டான்: "இப்போ ஹேப்பியா?"

அப்பா எப்படி இருக்கிறார், எத்தனை மணிக்கு முடியும், எப்படித் திரும்பிப் போவீர்கள், ஒன்றும் இல்லை. எனக்கு ஏதோ கோபம், அதைத் தீர்க்க வந்திருக்கிறான். பொம்மை கேட்டு அழுகிற பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்த மாதிரி. மெஷினில் இருப்பது அப்பா என்பது அவன் கண்ணில் படவே இல்லை.

"ஹேப்பிதான், போயிட்டு வா" என்றேன். திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். அப்பா வழியெல்லாம் அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாசியில் வரவேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை நேரில் சொன்னேன். பஸ் ஸ்டாண்டிலேயே, நின்றபடி. அவன் கேட்டது, "கார்ல வந்தேன்ல?" கார்ல வந்தான்தான். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை, பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். முந்திரி அண்ணா, உங்கள் பதிலைத்தான் பஸ்ஸில் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்போதெல்லாம் ஒரு பஸ் முன்னாலேயே போய்விடுகிறேன், கடை திறக்கும்வரை வாசலில் நிற்கிறேன்.

அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்திதான் இரண்டு நாள் போனில் அழுதார், வயசு போகிறது என்று.

மெஷின் அண்ணா, 11 மணி ஷிஃப்டில் மாசி முதல் வாரம் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணன் போக வர 300 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். இடது கை விஷயம் அவருக்குச் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம்: வெயில் ஆரம்பித்துவிட்டது, அப்பா கேழ்வரகுக் கூழ் கேட்டு நச்சரிக்கிறார். வாரத்துக்கு ஒரு நாள் கொடுக்கலாமா?

---

மெஷின்_நம்பர்_6

கூழும் அந்த 800 மில்லியில்தான் சேரும், அதை மறக்காதீர்கள். கேழ்வரகில் பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டுமே உண்டு, அதனால் நானாகச் சரி என்று சொல்ல முடியாது. கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை டயட்டீஷியனிடம் காட்டுங்கள். எவ்வளவு பெரிய டம்ளர் என்று கேட்பார்கள், வீட்டு டம்ளரையே கையோடு கொண்டு போங்கள்.